இசக்கியின் முதுகில் வைத்த கால்

முதலில் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடம் முதுகுகளை அழுத்திய கட்டைவிரல் இது. பேனாவையும் அதே மாதிரிதான் அழுத்துகிறது. நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் அடுத்த மூன்று பக்கங்களில் தடம் விழுகிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்று என் மகள் நோட்டை வாங்கிப் போனாள். முதல் பக்கம் முடிந்ததும், "வாப்பா, இதைத் திருத்துறதுக்குப் புதுசாவே எழுதிரலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆகவே மிச்சமுள்ள பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு விடுதியின் மசாஜ் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். இதையெல்லாம் நேரில் பேசியிருக்க வேண்டும். எனக்கு நடத்திய பிரிவுபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் சலாம், சாப்பாடு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாப்பாடு அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இது ஓய்வு பெறுகிற வயதா என்று கேட்காதீர்கள். மேஜைமேல் குனிந்து குனிந்து, என் இடுப்பு எனக்கு முன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டது.

எந்த எண்ணெய், எந்த விரல், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அழுத்தக் கூடாத ஒரு முதுகைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் நான் இந்த வேலைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

நான் காலால் பிறந்தவன். பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது. முதுகு பிடித்துக்கொண்டால், அப்படிப் பிறந்த ஆள் மூன்று தடவை காலால் மிதித்தால் விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் அந்த யோக்கியதை உள்ளவன் நான் ஒருவன்தான். பெரியவர்கள் மேல் கால் தெரியாமல் பட்டாலே அடி விழும் வயதில், பெரியவர்கள் வரிசையாக வந்து என் முன்னால் குப்புறப் படுத்தார்கள். தறிக்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாருமே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள். எனக்கு வெட்கம் தாங்காது. கண்ணை மூடிக்கொண்டுதான் மிதிப்பேன். ஒருநாள் அப்படி மிதித்ததில், துணைக்கு வந்து பக்கத்தில் படுத்திருந்தவரை மிதித்துவிட்டேன். அவர் எழுந்திருக்காமலே, "பரவால்ல, எனக்கும் லேசா இருக்கத்தான் செய்யுது" என்றார்.

படிப்பு நின்றதும் இந்தக் காலினால்தான். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தார். மிதித்தேன். மறுநாள் வகுப்பில் அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேருக்கும் நிம்மதி.

பிறகு தறியில் இருந்தேன். எனக்கு இருபத்தேழு வயதாகும்போது, விடுதியின் வாலிபால் கோச் இடுப்புப் பிடித்து, ஆட்டோவில் ஒருக்களித்துப் படுத்தவாறே எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று மிதி. எழுந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "பாய், உம்ம காலு எங்க பிள்ளைகளுக்கு வேணும்வே" என்றார். அந்த வாரமே மசாஜ் உதவியாளராகச் சேர்த்துவிட்டார். கைவேலையை நான் அங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் கடைசிவரை கோச்சுக்கு நம்பிக்கை என் காலின் மேல்தான். கையைச் சும்மா கூட வந்த சாமான் மாதிரிதான் பார்ப்பார்.

பல வருடம் கழித்து பிசியோ டாக்டரம்மா வேலைக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் இந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி அவரிடம் தெரிந்துகொண்டது. வந்த புதிதில் என் காலைப் பற்றிக் கேள்விப்பட்டு, சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"பிடிச்ச எத்தனாவது நாள் உங்ககிட்ட வருவாங்க பாய்?"

"மொத நாளு தைலம் போடுவாங்க. ரெண்டாம் நாளு ஒத்தடம். பொறவு மாத்திரை. எதுலயும் கேக்கலேன்னாத்தான் நம்மகிட்ட. அஞ்சாறு நாள் ஆயிரும்."

"சாதாரணப் பிடிப்பு அஞ்சாறு நாள்ல தானாவே விட்டுரும்."

அவ்வளவுதான் சொன்னார். அன்று முழுவதும் செருப்பு மாட்டும்போதெல்லாம் என் காலைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இனி இசக்கி. ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. களக்காட்டுப் பையன், பதினாறு வயது. அப்பா வாழை போடுகிறவர். பந்தை மேலே எறிந்து, ஓடிவந்து எம்பி, முதுகை வில்லாகப் பின்னால் வளைத்து அவன் சர்வீஸ் அடித்தால் எதிர்ப்பக்கம் நிற்பவன் பந்தை எடுப்பதா, விலகுவதா என்று யோசிப்பான். எல்லாரும் ஐம்பது அடித்தால் இவன் நூறு அடிப்பான். மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நூற்றைம்பது ஆக்கினான்.

ஒருநாள் வந்து மேஜையில் படுத்தான். "பாய் அண்ணாச்சி, தொடை பின்னாடி இழுக்கு" என்றான். விடுதிப் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தொட்டுப் பார்த்தால் தொடையின் பின்சதை இரண்டும் நீர் இறைக்கிற வடம் மாதிரி முறுக்கேறி இருந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. இந்த மாதிரிச் சதை கிடைத்தால் நம் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம் வரும், உங்களுக்கும் வரும். அரை மணி நேரம் உருவிவிட்டேன். இளகியது. காலை நீட்டி மடக்கினான். "பஞ்சு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று போய் மறுபடி ஐம்பது சர்வீஸ் அடித்தான்.

மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி வடம். மறுபடி உருவினேன். அடுத்த நாளும் வடம். நான் அதை என் கைக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டேன். அதற்கும் எனக்கும் மூன்று வாரம் போட்டி நடந்தது. சாயங்காலம் நான் ஜெயிப்பேன், காலையில் அது ஜெயிக்கும். சதை ஏன் தினமும் இறுகுகிறது என்று மட்டும் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. இது என் முதல் தப்பு.

மூன்றாவது வாரம் அவன் மெல்லச் சொன்னான். "இடுப்புலயும் இருக்கு. இடது பக்கம். பின்னால வளையும்போது சுருக்குன்னு குத்துது. கோச்சுட்டச் சொல்லிராதீங்க, அண்ணாச்சி."

நான் யாரிடமும் எதையும் சொல்லாத ஆள் என்பதால்தான் பிள்ளைகள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். சரி என்று தலையாட்டினேன். இது இரண்டாவது தப்பு. முதலாவதைவிடப் பெரியது.

நல்லவேளையாக, டாக்டரம்மா எதைக் கடந்து போனாலும் நின்று பார்க்கிறவர். இசக்கி மேஜையிலிருந்து இறங்கும்போது ஒரு கையை ஊன்றி இறங்கியதைப் பார்த்துவிட்டார். அவன் போனபிறகு என்னிடம், "உங்க கைக்கு என்ன தெரியுது பாய்?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் என் கைக்கு என்ன தெரிகிறது என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயால் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த நாள் அவன் வந்து படுத்தபோது, கரும்பலகைப் பக்கம் கிடந்த சாக்பீஸை எடுத்து, அவன் இடுப்பில் இடது பக்கம், நடு எலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, ஒரு புள்ளி வைத்தேன். அங்கே தொட்டால் மட்டும் அவன் மூச்சு நின்று வரும். டாக்டரம்மா புள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இசக்கியை எழுப்பி, இடது காலில் மட்டும் நிற்கவைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு லேசாகப் பின்னால் சாயச் சொன்னார். அவன் முகம் போன போக்கிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டரம்மா விடாமல் பெரிய ஸ்கேனுக்கு அனுப்பினார். அதில் இருந்தது. கீழ் முதுகெலும்பில், புள்ளி வைத்த பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

"நம்மள மாதிரி வளர்ந்தவங்களுக்கு முதுகு வலின்னா பெரும்பாலும் சதை. வளர்ற பிள்ளைங்க, அதுவும் முதுகைப் பின்னால வளைச்சு விளையாடுற பிள்ளைங்க, ரெண்டு வாரத்துக்கு மேல வலிக்குதுன்னு சொன்னா முதல்ல எலும்பைச் சந்தேகப்படணும்" என்றார். "தொடைச் சதை ஏன் இறுகுச்சு தெரியுமா? இடுப்பை அசையவிடாமப் பிடிச்சு வைக்கத்தான். நீங்க அதைத் தினமும் இளக்கி விட்டிருக்கீங்க. அவன் போய் இன்னும் நல்லா வளைச்சிருக்கான்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் குதிக்கக் கூடாது, வளையக் கூடாது, யாரும் அழுத்தக் கூடாது. இப்போது ஓய்வு கொடுத்தால் கீறல் தானாக ஒட்டிவிடும். ஆடினால் மறுபக்கமும் கீறி, எலும்பு முன்னால் நழுவலாம். அப்புறம் வாலிபால் இல்லை, வாழைத்தார் தூக்குவதே கஷ்டம். இதை டாக்டரம்மா கோச்சிடம் எழுதியே கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மாநிலத் தேர்வு. கோச் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே படத்தை மட்டும் வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு திரிந்தார்.

"இதுல ஒண்ணுமில்லைன்னு வந்துட்டுல்லா. பொறவு எதுக்கு இன்னொரு படம்? படம் எடுத்துக்கிட்டே இருந்தா என்னமாவது தெரியத்தான் செய்யும்" என்பது அவர் கட்சி.

திங்கள்கிழமை காலையில் இசக்கியின் அப்பா களக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு முழு ஏத்தன் வாழைத்தார். மசாஜ் அறைக்கே நேராகக் கொண்டுவந்து, மேஜைக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்தார். பின்னால் கோச். அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இசக்கி.

"பாய், காலை வையும்வே" என்றார் கோச். "மூணே மிதி. வெள்ளிக்கெழமைக்குள்ள பயலைத் தயார் பண்ணிரணும்."

நான், "டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பிள்ளை படிச்ச பிள்ளை, அது அப்படித்தான் சொல்லும். ஏலே இசக்கி, படுலே."

அவன் படுத்தான். அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய் அண்ணாச்சி, இந்தப் பய சின்னதுலேருந்து பந்தைத் தவிர ஒண்ணும் கேட்டதில்ல. இந்தத் தடவ விட்டா அவனுக்கு மனசு விட்டுப்போவும். நீங்க கூச்சப்பட்டீங்கன்னா சொல்லுங்க, சேரன்மாதேவில ஒருத்தர் இருக்காராம். அவரும் காலால பொறந்தவருதான். நல்லா கட்டையா, கனமா இருப்பாராம். மத்தியானம் பஸ்ஸுக்கு அங்கன கூட்டிட்டுப் போயிருதேன்."

எனக்கு அந்தக் கனமான ஆளின் கால் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் கீழே நான் வைத்த சாக்பீஸ் புள்ளியும் தெரிந்தது.

முடியாது என்று சொன்னால் மத்தியானப் பஸ். மிதித்தால் நானே உடைக்கிறேன். ஸ்கேனைப் பற்றி விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, வாயும் இல்லை. டாக்டரம்மா பத்து மணிக்குத்தான் வருவார். என்னிடம் இருந்தது அவர்கள் நம்புகிற ஒரே ஒரு சாமான்தான், என் கால்.

காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். பிஸ்மி சொன்னேன். வலது காலைத் தூக்கி, இடுப்புப் பக்கமே போகாமல், இசக்கியின் தோள்பட்டையில் பெருவிரல் நுனியை மட்டும் மூன்று தடவை தொட்டு எடுத்தேன். ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அதைவிடக் கனமாக இருக்கும். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

பிறகு, என் வாழ்க்கையில் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினேன்.

"கால் வெச்சாச்சு. இனிமே மூணு மாசத்துக்கு இந்த முதுகு பின்னால வளையக்கூடாது. குதிக்கக்கூடாது. கனம் தூக்கக்கூடாது. இன்னொருத்தர் கையோ காலோ இதுமேல படக்கூடாது. பட்டா வெச்ச கால் பலிக்காது. பொறவு எத்தனை பேரு மிதிச்சாலும் கேக்காது."

அப்பா, "சேரன்மாதேவி ஆளு?" என்றார்.

"அவருதான் மொதல்ல படக்கூடாது."

அவர் உடனே இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார், தவறித் தானே மகனைத் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல. கோச் மட்டும் என்னை முறைத்தார்.

"எனக்கு மிதிக்கும்போது இப்படி ஒண்ணும் நீர் சொல்லலியே. நான் மறுநாளே விளையாடுனேன்லா."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு நாப்பது வயசு சார். அது முத்துன எலும்பு. இது வளர்ற எலும்பு."

அந்த மூன்று மாதக் கணக்கைத் தவிர, அன்று நான் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். கோச் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து விரித்து, முதல் தடவையாக முழுவதும் படித்தார். "அந்தப் பிள்ளையும் மூணு மாசம்னுதான் எழுதியிருக்கு" என்றார், ஏதோ இரண்டு ஜோசியர்கள் ஒரே பலன் சொல்லிவிட்ட மாதிரி.

மேஜையில் இசக்கி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். தேர்வு போயிற்று என்று அழுகிறான் என்று நினைத்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தாரைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மாவிடம் பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "கனம் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நான் பத்து நாளா தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லியிருக்கேன் பாய். உங்க பெருவிரல் ரெண்டு நிமிஷத்துல சொல்லிருச்சு. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல." பிறகு, "இனிமே யாருக்காவது கால் வெக்கணும்னா, என்கிட்ட காட்டினதுக்கு அப்புறம்தான்" என்றார். அதன்படியே நடந்தது. சில மாதங்களில், விடுதியில் பெற்றோர் அடம்பிடித்தால் அவரே எட்டிப் பார்த்து, "பாய், ஒரு கால் வேணுமே" என்பார்.

இசக்கி மூன்று மாதம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். பிறகு டாக்டரம்மா கொடுத்த பயிற்சி, பிறகு நின்றவாறே சர்வீஸ், பிறகு பைய எம்பி. ஆறாவது மாதம் முழுதாக ஆடினான். அந்த வருட அணி போனது போனதுதான். அடுத்த வருடம் மாற்று ஆட்டக்காரனாகப் போனான். இப்போது ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர்.

இத்தனை வருடமும் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பார்க்கிற இடமெல்லாம் இசக்கி, "பாய் அண்ணாச்சி கால் வெச்சுத்தான் எனக்குச் சரியாச்சு" என்று சொல்லுகிறான் என்று என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. வாத்தியாராகவும் ஆகிவிட்டான். நான் சொன்ன ஒரு பொய்யைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறானே என்று தூக்கம் பிடிக்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் பத்தாவது படிக்கிற ஒரு பையனும் அவன் அப்பாவும். பையன் வேகப்பந்து போடுகிறவன். ஒரு மாதமாக இடுப்பு வலி. இசக்கி மட்டும் முதலில் உள்ளே வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு கால் வைக்கணும்."

நான் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது, உண்மையைச் சொல்லிவிட்டேன். "இசக்கி, அன்னைக்கு என் கால் ஒண்ணும் செய்யல. தோள்லதான் தொட்டேன். டாக்டரம்மா சொன்னதைத்தான் நான் சொன்னேன்."

அவன் சிரித்தான். "தெரியும் அண்ணாச்சி."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. ஸ்கேன் படத்தை டாக்டரம்மா எனக்கு விளக்கமாக் காட்டிட்டாங்க. பயந்துபோய்க் கெடந்தேன், அப்பாட்டயும் கோச்சுட்டயும் சொல்ல வாய் வரல. நீங்க சேரன்மாதேவி ஆளு மொதல்ல படக்கூடாதுன்னதும் சிரிப்பு தாங்கல. துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

ஒன்பது வருடமாக அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்த குலுக்கம் அது.

"பொறவு ஏம்ல ஊரெல்லாம் கால், காலுன்னு சொல்லிட்டுத் திரியுத?"

"பிள்ளைங்களுக்குச் சொன்னாப் புரியுது அண்ணாச்சி. அப்பன்மாருக்குத்தான் கால் வேண்டியிருக்கு. வெளிய நிக்காரு பாருங்க, மிதிச்சே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு. நீங்க வெச்சுட்டு மூணு மாசம்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"டாக்டரம்மாட்டக் காட்டாம வைக்கமாட்டேன்" என்றேன்.

"நீங்க வைக்காம அவரு அங்க வரமாட்டாரு."

அப்பாவையும் பையனையும் உள்ளே கூப்பிட்டான். பையன் பாயில் குப்புறப் படுத்தான். நான் காலைத் தூக்கப் பார்த்தேன். ஒரு சாண் எழும்பியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. இசக்கி ஒரு கையால் என் தோளைத் தாங்கி, மறுகையால் என் காலைத் தூக்கிப் பிடித்தான். கால் அந்தரத்தில் நின்றது. சட்டை விலகி பெல்ட் தெரிந்தது.

அந்த அப்பா பெல்ட்டைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்களுக்கும் இடுப்புலயா?"

"ஆமா."

"உங்களுக்கு யாரு மிதிக்கா?"

இசக்கி என்னைப் பார்த்தான். காலைத் தூக்கிக்கொண்டு ஒருவன் எவ்வளவு நேரம் பொய் யோசிக்க முடியும்?

"யாரும் மிதிக்கல. நான் டாக்டரம்மாட்டப் போறேன். நாளைக்குப் பத்து மணிக்கு."

அவர் குனிந்து, கீழே படுத்திருக்கும் மகனைப் பார்த்தார். "அப்போ இவனையும் அங்கனயே காட்டிரலாமோ?" என்றார்.

"காட்டிரலாம்" என்றேன்.

இசக்கி என் காலைப் பைய இறக்கித் தரையில் வைத்தான்.

இந்தக் கடைசிப் பக்கத்தை டாக்டரம்மா அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையன் ஏழாவது டோக்கன், நான் எட்டாவது. ஆறாவது ஆள் உள்ளே போயிருக்கிறார். பையனின் அப்பா என் நோட்டை எட்டிப் பார்த்து, "எழுத்து கொஞ்சம் அழுத்தமா இருக்கு அண்ணாச்சி" என்கிறார்.

பிப்ரவரி 9, திங்கட்கிழமை.